உம் பேரு இன்னா?

போன சித்திரையில ஒரு சனிக்கிழமை சாயந்திரம். மேற்குத் தாம்பரம் சண்முகம் ரோட்டுல, என் கையைப் பிடிச்சுட்டு வந்த பையன் காணாமப் போயிட்டான். கீரை போட்ட கடையில காசு எண்ணி வாங்கறதுக்காக ஒரு நிமிஷம் கையை விட்டேன். திரும்பிப் பார்த்தா ஆள் இல்ல. என் அக்கா பேரன், 11 வயசு. ஆட்டிசம் உள்ள பையன்.

சனிக்கிழமை சாயந்திரம் சண்முகம் ரோடு எப்படி இருக்கும்னு அந்தப் பக்கம் போறவங்களுக்குத் தெரியும். நாப்பது நிமிஷம் அலைஞ்சு ஒரு பாத்திரக்கடை வாசல்ல கண்டுபிடிச்சேன். நாலஞ்சு பேர் அவனைச் சுத்தி நிக்கறாங்க. ஒருத்தர், "டேய், உம் பேரு இன்னா? வூடு எங்க?"ன்னு கேக்கறார். இவன் அதே குரல்ல, அதே ராகத்துல, "உம் பேரு இன்னா, வூடு எங்க"ன்னு திருப்பிச் சொல்றான். "இன்னாடா, நக்கலா?"ன்னு அவர் கையை ஓங்கிட்டார். நான் குறுக்க போய் நின்னேன்.

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. கையை விட்டது என் தப்பு, அதுல மாத்துக் கருத்து இல்ல. ஆனா என்னை அதிகமா அறுத்தது வேற. அந்தக் கேள்விக்கு அவனுக்குப் பதில் தெரியும். "வாட் இஸ் யுவர் நேம்?"னு கேட்டிருந்தா பேரு, அப்பா பேரு, பெருங்களத்தூர் வீட்டு விலாசம், போன் நம்பர் எல்லாம் வரிசையா சொல்லியிருப்பான். மூணு வருஷம் காசு கட்டிக் கத்துக்கிட்டது அது. தாம்பரம் மார்க்கெட்ல யாரும் அப்படிக் கேக்க மாட்டாங்களே!

இந்தப் பிள்ளைங்களுக்கு நாலு பேரோட பழகற பேச்சைக் கத்துக்கொடுக்கறதுன்னா, அவன் பொழங்கற தெருவோட பேச்சுல கத்துக்கொடுக்கணும். கூடவே அந்தத் தெருவும் கொஞ்சம் கத்துக்கணும். இதைத்தான் இன்னிக்குச் சொல்ல வந்தேன். நான் பள்ளிக்கூடப் படிப்போட நின்னவன், டாக்டர் இல்ல. கூட இருந்து பார்த்ததையும், அக்கா பொண்ணு படிச்சுச் சொன்னதையும் வச்சுச் சொல்றேன்.

பையனுக்கு நாலு வயசாகியும் பேச்சு சரியா வரல. காட்டின ஒரு இடத்துல, "வீட்டுல ஒரே மொழிதான் பேசணும். இங்கிலீஷாவே இருக்கட்டும், ஸ்கூலுக்கும் உதவும்"னு சொல்லிட்டாங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. பகல் பூரா பையன் அக்காகிட்டதான். அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால பேச்சையே நிறுத்திடுச்சு. ரெண்டு வருஷம். சோறு ஊட்டும், குளிப்பாட்டும், தலை துவட்டும், வாய் மட்டும் திறக்காது. ஏன்க்கா இப்படி இருக்கன்னு கேட்டா, "நான் பேசினா புள்ளைக்குக் கெடுதலாம்டா"ன்னு சொல்லும். ஊர்ல எத்தனை தாலாட்டு பாடின வாய் அது.

அவ்வளவும் தேவையே இல்லாத தண்டனைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. கனடாவுல மான்ட்ரியல்ல 75 ஆட்டிசக் குழந்தைகளை வச்சு ஆராய்ச்சி பண்ணி 2012-ல வெளியிட்டிருக்காங்க. ஒரே மொழி கேட்டு வளர்ந்த பிள்ளைகளையும் ரெண்டு மொழி கேட்டு வளர்ந்த பிள்ளைகளையும் ஒப்பிட்டாங்க. ரெண்டாவது மொழியால பேச்சு கூடுதலா தாமதம் ஆகலன்னுதான் முடிவு. அதுக்கப்புறம் வந்த மத்த ஆராய்ச்சிகளும் பெரும்பாலும் அதையேதான் சொல்லுது. அக்கா பொண்ணு இதைப் படிச்சுச் சொன்னப்ப அக்கா அழல, திட்டல. "அப்போ நான் பேசலாமா?"ன்னு மட்டும் கேட்டுது.

ஆட்டிசத்துக்கு நம்ம அரசாங்கக் காகிதத்துல "புற உலக சிந்தனையற்ற மதி இறுக்கமுடையோர்"னு ஒரு பேர் இருக்கு. எனக்கு அந்தப் பேர் பிடிக்கறதில்ல. எங்க பையனுக்குப் புற உலகம் நல்லாவே தெரியும். முடிச்சூர் ரோட்டுல எந்த டிரான்ஸ்பார்மர்ல என்ன நம்பர் எழுதியிருக்குன்னு சொல்வான். எங்க கழனிக்கு வந்தா மடை எந்தப் பக்கம் திறந்திருக்குன்னு எனக்கு முன்னாடி பார்ப்பான். அவனுக்குக் கஷ்டம் எங்கன்னா, நாம வாயால ஒண்ணு சொல்லி மனசுல வேற ஒண்ணு நினைக்கறோமே, அந்த இடத்துலதான்.

லியோ கானர்னு ஒரு டாக்டர், அமெரிக்காவுல, 1943-ல 11 பிள்ளைகளைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசத்தைத் தனியா அடையாளம் காட்டின கட்டுரை அது. அந்தப் பிள்ளைங்க கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்றதையும், "நான்"னு சொல்ல வேண்டிய இடத்துல "நீ"ன்னு சொல்றதையும் அதுலயே எழுதியிருக்கார். எங்க பையன் சின்னதுல தாகம் எடுத்தா "தண்ணி வேணுமா?"ன்னுதான் கேப்பான். யோசிச்சுப் பார்த்தா அதுல நியாயம் இருக்கு. ஒவ்வொரு தடவையும் தண்ணி வர்றதுக்கு முன்னாடி அவன் காதுல விழுந்த சொல் அதுதானே? 1980-கள்ல பாரி பிரிசன்ட் மாதிரி ஆராய்ச்சிக்காரங்க இதையே சொன்னாங்க. திருப்பிச் சொல்றது வெறும் எதிரொலி கிடையாது, பல நேரத்துல அதுக்குள்ள ஒரு அர்த்தம் இருக்கும், அதைக் கண்டுபிடிங்கன்னாங்க. பாத்திரக்கடை வாசல்ல அவன் பண்ணதும் நக்கல் இல்ல. கேள்வி புரியல, பயம் வேற, கையில கிடைச்ச சொல்லைப் பிடிச்சுட்டு நின்னான்.

இப்போ நம்ம தமிழைக் கொஞ்சம் அவன் காதால கேட்டுப் பாருங்க.

"சாப்டியா?"ன்னு கேக்கறோம். அது கேள்வியே இல்ல, ஒரு வணக்கம். ஆமான்னு தலையாட்டிட்டுப் போகணும். இவன் நின்னு, காலையில என்ன, மதியம் என்ன, எத்தனை இட்லின்னு கணக்குச் சொல்வான். "கொஞ்சம் தண்ணி குடுப்பா"ன்னு கழனி வேலையில கேட்டேன். சொம்புல ரெண்டு விரக்கடை தண்ணி கொண்டாந்தான். கொஞ்சம்னுதானே கேட்டேன்! அந்தக் "கொஞ்சம்" அளவு கிடையாது, மரியாதைன்னு அவனுக்கு யார் சொன்னாங்க? கிளம்பறவங்களை "எங்க போற"ன்னு கேக்கக் கூடாது, "தூரமா?"ன்னு கேக்கணும். பந்தியில முதல் தடவை "வேணாம்"னு சொன்னா அதுக்கு அர்த்தம் "இன்னொரு தடவை கேளு". "சும்மா வந்தேன்"னா காரணம் இருக்குன்னு அர்த்தம்.

எல்லாத்தையும் விட மோசம் "போயிட்டு வரேன்". போறேன்னு சொல்லக் கூடாதுன்னு நாம அப்படிப் பழகிட்டோம். ஒரு தடவை அவங்க வீட்டுலேர்ந்து கிளம்பும்போது நானும் அப்படித்தான் சொல்லிட்டு வந்தேன். ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் கேட்டைப் பிடிச்சுட்டு நின்னிருக்கான். தாத்தா வரேன்னு சொல்லிட்டுதானே போனாரு.

நீ, நீங்க, டா, பா, இதெல்லாம் தனிக் கதை. வகுப்புல புத்தகத் தமிழ்ல "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?"னு கத்துக்கொடுத்தாங்க. அதை அப்படியே கீழ் வீட்டுப் பையன்கிட்ட சொன்னான், பசங்க சேர்ந்து சிரிச்சுட்டாங்க. அப்புறம் அந்தப் பசங்ககிட்ட இருந்து "வாடா" கத்துக்கிட்டான். அதை எடுத்துட்டுப் போய் மளிகைக் கடைக்காரர்கிட்ட சொல்லி, மரியாதை தெரியாத புள்ளன்னு பேர் வாங்கினான்.

இங்கிலீஷ் பாடத்துல இதெல்லாம் இருக்காது. அதுல இருக்கிறது ப்ளீஸ், தேங்க்யூ, சாரி, அப்புறம் எதிராளி கண்ணைப் பார்த்துப் பேசறது. நம்ம வீட்டுல அம்மா சோறு போட்டா யாராவது நன்றி சொல்றோமா? "தயவுசெய்து" போர்டுல எழுதற வார்த்தை. நம்ம மரியாதை எல்லாம் "குடுங்க"ல வர்ற "ங்க"வுல இருக்கு. பெரியவங்க கண்ணையே உத்துப் பார்த்துட்டுப் பேசற பையனை எங்க ஊர்ல "முறைக்கறான்"னு சொல்வாங்க. கண்ணைப் பார்க்கறது இந்தப் பிள்ளைங்கள்ல நிறைய பேருக்கு வேதனையா இருக்கும். அதை வற்புறுத்திப் பழக்கி, கடைசியில ஊர்ல கெட்ட பேர் வாங்க வைக்கணுமா?

எதிர்ப்பக்க நியாயத்தையும் சொல்லிடறேன். கத்துக்கொடுக்கறவங்களைக் குத்தம் சொல்றது சுலபம். அவங்க படிச்ச படிப்பு இங்கிலீஷ்ல, படம் போட்ட அட்டை இங்கிலீஷ்ல, பயிற்சிப் புத்தகம் இங்கிலீஷ்ல. நாளைக்கு வேலைன்னு ஒண்ணு கிடைச்சா அதுக்கும் இங்கிலீஷ் வேணும்னு பெத்தவங்களே கேக்கறாங்க. வேணாம்னு நான் சொல்லல, இங்கிலீஷும் கத்துக்கட்டும். ஆனா அதுக்காகப் பாட்டி வாயை மூடச் சொல்லாதீங்க.

இன்னொண்ணு, இடம். ஏசி போட்ட ரூம்ல, ஒரே மேடத்துக்கிட்ட, அதே மேஜையில பத்துக்குப் பத்து சொல்ற பையன், வெளியில வந்தா ஒண்ணும் சொல்ல மாட்டான். நாத்தங்கால்ல பச்சைப் பசேல்னு இருக்கிற நாத்து, பிடுங்கி நட்டா கொஞ்ச நாள் பழுத்துதான் நிக்கும். வேர் பிடிக்கறதுக்குத் தண்ணி பார்த்து, கூட இருந்து கவனிக்கணும். நாத்தங்கால் அழகா இருக்குன்னு யாரும் மகசூல் கணக்குப் போடறதில்ல. அதே மாதிரி, ரூம்ல கத்துக்கிட்டதை மாடிப்படியில, பஸ்ல, சலூன்ல, கோயில்லன்னு ஒவ்வொரு இடத்துலயும் மறுபடியும் நடணும்.

எந்தச் சொல்லை முதல்ல கத்துக்கொடுக்கறதுன்னும் ஒரு கேள்வி இருக்கு. "குட்மார்னிங் மிஸ்" நமக்குக் கேக்க நல்லா இருக்கும், அவனுக்கு அதுல பிரயோஜனம் கம்மி. என்னைக் கேட்டா முதல் சொல் "வேணாம்". அடுத்தது "வலிக்குது", "நிறுத்து", "வெளிய போகணும்", "எனக்குப் புரியல". இதெல்லாம் சொல்ல வழி தெரியாததாலதான் பிள்ளை அடிக்குது, கடிக்குது, தலையை முட்டிக்குது. நாம அதுக்கு அடம்னு பேர் வைக்கறோம். யாராவது தொடக்கூடாத விதத்துல தொட்டா "வேணாம்"னு சொல்லத் தெரியணும். எது சொன்னாலும் கீழ்ப்படியற பிள்ளையா பழக்கினா அது எப்படிச் சொல்லும்?

வாயே திறக்காத பிள்ளைங்களும் நிறைய இருக்காங்க. அவங்களுக்கும் சொல்றதுக்கு இருக்கு, வழிதான் வேற. சென்னையில அஜித் நாராயணன்னு ஐஐடி-ல படிச்சவர் "ஆவாஸ்"னு ஒண்ணு உருவாக்கினார். டேப்லட்ல படத்தைத் தொட்டா அது வாக்கியமாப் பேசும். அவரை 2011-ல அமெரிக்காவுல எம்ஐடி பத்திரிகை இளம் கண்டுபிடிப்பாளர்கள் வரிசையில சேர்த்துது. அது தமிழ்லயும் பேசும்ங்கறதுதான் எனக்குப் பெரிசு. இப்படிக் கருவி கொடுத்தா வர்ற பேச்சும் வராமப் போயிடும்னு சில பெத்தவங்க பயப்படறாங்க. அந்தப் பயம் வேண்டாம்னுதான் இந்தத் துறையில இருக்கிறவங்க சொல்றாங்க.

எங்களுக்கு வழி காட்டினது ஒரு டீச்சரம்மா. முதல் நாள் அவங்க பையனைப் பார்க்கல, அக்காவைக் கூப்பிட்டு உக்கார வச்சு, "வீட்டுல அவன்கிட்ட எப்படிப் பேசுவீங்க? அப்படியே பேசிக் காட்டுங்கம்மா"ன்னு கேட்டாங்க. ஒரு வாரம் கேட்டு எழுதிக்கிட்டாங்க. 1990-கள் தொடக்கத்துல அமெரிக்காவுல கரோல் கிரேங்கற டீச்சர் கொண்டுவந்த "சோஷியல் ஸ்டோரி" முறையை, அக்கா பேசற தமிழ்லயே எழுதிக் கொடுத்தாங்க. தாம்பரத்துல தொலைஞ்ச பிறகு அதே மாதிரி நாங்களே ஒண்ணு எழுதினோம்.

"என் பேரைப் பல பேர் பல மாதிரி கேப்பாங்க. 'உம் பேரு இன்னா?'ன்னு கேப்பாங்க. 'தம்பி, உன் பேர் என்ன?'ன்னு கேப்பாங்க. 'யார் வூட்டுப் புள்ள நீ?'ன்னும் கேப்பாங்க. எல்லாம் ஒரே கேள்விதான். சில பேர் குரல் சத்தமா இருக்கும். சத்தமா இருந்தா கோவம்னு அர்த்தம் இல்ல. நான் என் பேரைச் சொல்லலாம். சொல்ல வரலன்னா பையில இருக்கிற அட்டையைக் காட்டலாம்."

அவ்வளவுதான் கதை. தினம் ராத்திரி அக்கா படிச்சுக் காட்டும். அவனே படம் வரைஞ்சு ஒட்டியிருக்கான், டிரான்ஸ்பார்மரோட.

இப்போ உங்க பங்குக்கு வரேன். டேமியன் மில்டன்னு இங்கிலாந்துல ஒரு ஆய்வாளர், அவருக்கே ஆட்டிசம் உண்டு. 2012-ல அவர் சொன்னது இது. பேச்சு அறுந்து போறது ஒரு பக்கத்துக் குறை கிடையாது, ஆட்டிசம் உள்ளவங்களுக்கு நம்மளப் புரியாத மாதிரி நமக்கும் அவங்களைப் புரியறதில்ல. எடின்பரோவுல இதைச் சோதிச்சு 2020-ல வெளியிட்டாங்க. நாம சின்ன வயசுல காதோட காது ரகசியம் சொல்லி விளையாடுவோமே, அது மாதிரி எட்டு எட்டுப் பேரா ஒரு கதையைக் கடத்தச் சொன்னாங்க. எல்லாருமே ஆட்டிசம் உள்ளவங்களா இருந்த வரிசையில, எல்லாருமே ஆட்டிசம் இல்லாதவங்களா இருந்த வரிசையில போன அளவுக்கே கதை நல்லாப் போச்சு. ரெண்டு பேரையும் கலந்து விட்ட வரிசையிலதான் கதை அதிகமா உதிர்ந்து போச்சு.

அப்போ பாடம் ஒரு பக்கத்துக்கு மட்டும் போதுமா? ஆட்டிசம் உள்ள பெரியவங்க பல பேர் சொல்றாங்க, நாள் பூரா மத்தவங்க மாதிரி நடிச்சு நடிச்சு உடம்பும் மனசும் ஓய்ஞ்சு போகுதுன்னு. எங்க பையன் எங்களை மாதிரி ஆகணும்னு எனக்கு ஆசை இல்ல. கடைக்குப் போய் அடி வாங்காம வரணும், அவ்வளவுதான்.

பெருங்களத்தூர்லயும் சேலையூர்லயும் மேடவாக்கத்துலயும் அடுக்குமாடியில இருக்கிறவங்களுக்கு நான் கேக்கறது சின்ன விஷயம். லிப்ட்ல அப்படி ஒரு பிள்ளை வந்தா, ஒரு நேரத்துல ஒரே ஒரு கேள்வி கேளுங்க. கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. பதில் வர்றதுக்குள்ள அடுத்த கேள்வியைப் போடாதீங்க. திருப்பிச் சொன்னா நக்கல்னு நினைக்காதீங்க. உங்க பிள்ளைங்ககிட்டயும் வாட்ச்மேன்கிட்டயும் இதைச் சொல்லி வைங்க. தெரிஞ்சுக்கணும்னா தமிழ்லயே யெஸ். பாலபாரதி "ஆட்டிசம் சில புரிதல்கள்"னு புத்தகம் எழுதியிருக்கார். அவரும் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அப்பா.

சந்தேகம் இருக்கிறவங்க தள்ளிப் போடாதீங்க. முட்டுக்காட்டுல 2005-ல ஆரம்பிச்ச மத்திய அரசு நிறுவனம் இருக்கு, நிப்மெட்னு சொல்வாங்க. அங்க பார்க்கறாங்க. நம்ம மாநில அரசும் உரிமைகள் திட்டத்துல "விழுதுகள்"னு மையங்கள் திறந்துட்டு வருது. 1995 சட்டத்துல ஆட்டிசம் பட்டியல்லயே இல்ல. 2016 சட்டத்துல 21 வகையில அதுவும் ஒண்ணு. அதனால பள்ளிக்கூடத்துல இடம் கேக்கறது இப்போ உரிமை, யாரோட தயவும் இல்ல. ஆனா மணிமங்கலம் பக்கத்துலேர்ந்து ஒரு கூலிக்காரம்மா முட்டுக்காட்டுக்குப் பஸ் மாறி மாறிப் போய் வந்தா அன்னிக்குக் கூலி போச்சு. வாரம் ரெண்டு தடவை எப்படிப் போவாங்க? பாடம் பக்கத்துல வரணும், அது அவங்க பேசற பேச்சுல வரணும்.

அந்தப் பாத்திரக்கடைக்கு மறுபடியும் அவனைக் கூட்டிட்டுப் போனேன். கையை ஓங்கினவர் அங்க வேலை செய்யறவர்தான். விவரம் சொன்னேன், ரொம்ப சங்கடப்பட்டார். இப்போ நாங்க அந்தப் பக்கம் போறப்ப எல்லாம் "உம் பேரு இன்னா?"ன்னு கேட்டுட்டு, கையில இருக்கிற குண்டானைத் துடைச்சுட்டே காத்திருப்பார். முதல் ரெண்டு தடவை ஒண்ணும் வரல. மூணாவது தடவை அட்டையைக் காட்டினான். போன மாசம் குண்டானைப் பார்த்துட்டே பேரைச் சொன்னான். அவர் முகத்தைப் பார்க்கல. அவரும் அதைப் பெரிசா எடுத்துக்கல.

நானும் மாறியிருக்கேன். இப்போ அங்கிருந்து கிளம்பும்போது "போயிட்டு வரேன்"னு சொல்றதில்ல. "ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு வரேன்"னு சொல்லிட்டு வரேன். சொன்னா வந்தாகணும். போன ஞாயிறு மழையில வண்டி மாட்டி, பத்தே கால் ஆயிடுச்சு. கேட்டுக்கிட்ட நின்னுட்டு, "பத்து மணி"ன்னான்.

தப்புதான் சாமின்னேன்.